ஏஐ சொன்னதைச் சரிபார்க்க வாசகரைப் பழக்குவது எப்படி: பல்கலைக்கழக நூலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2023 கடைசியில் ஒரு முனைவர் பட்ட மாணவி எங்கள் ரெஃபரன்ஸ் மேசைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். "மேடம், இதுல பன்னிரண்டு கட்டுரை இருக்கு. ஏழு கிடைச்சிருச்சு. மீதி அஞ்சு ரெண்டு நாளா தேடுறேன், எங்கயுமே வரல." அவருடைய தலைப்பு மகளிர் சுயஉதவிக் குழுக்கள். நானும் உட்கார்ந்து தேடினேன். முதல் கட்டுரையின் ஆசிரியர் நிஜமான ஆள், அந்தத் துறையில் எழுதுகிறவர்தான். இதழும் நிஜம், தொகுதி எண்ணும் ஆண்டும் பொருந்தின. அந்தத் தொகுதியைத் திறந்து அவர் எழுதி வைத்திருந்த பக்க எண்ணுக்குப் போனால் அங்கே வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதற்கு டிஓஐ (ஒரு கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான எண்) இருந்தது, அதைப் போட்டதும் மண் அரிப்பு பற்றிய கட்டுரை ஒன்று திறந்தது. அப்புறம்தான் கேட்டேன், "இந்தப் பட்டியல் எங்கேர்ந்தும்மா எடுத்தீங்க?" ஏஐயிடம் கேட்டு வாங்கியது என்றார். அதில் தப்பு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை, தோன்றுவதற்கு வழியும் இல்லை, ஏனென்றால் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து ஐந்து பருவமாக எங்கள் நூலகத்தில் செய்து பார்த்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "நல்ல ஏஐ கருவிகள்" என்று பட்டியல் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை, ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும். கருவி சொன்னதை மூலத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்கும் பழக்கத்தை வாசகரிடம் உண்டாக்க வேண்டும். அதற்குத் தேவையான மூலங்கள் நம் அலமாரியிலும் நாம் சந்தா கட்டும் தரவுத்தளங்களிலும்தான் இருக்கின்றன, அதனால் இந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள் வளாகத்தில் வேறு யாரும் இல்லை.

தொடங்கும் முன்: இல்லாத கட்டுரை எப்படி முளைக்கிறது

இதை வாசகருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். மொழி மாதிரி என்பது அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுவது. மேற்கோள் என்றால் அதற்கு ஒரு வடிவம் உண்டு: பெயர், அடைப்புக்குள் ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம். லட்சக்கணக்கான மேற்கோள்களைப் பார்த்துப் பழகியதால் அந்த வடிவம் அதற்கு அச்சுப் பிசகாமல் வரும். ஆனால் அப்படி ஒரு கட்டுரை உலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அந்தக் கணிப்புக்குள் இல்லை.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு நான் ஓர் ஆய்வைச் சொல்வேன். 2023-ல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. 42 தலைப்புகளில் சாட்ஜிபிடியைக் கட்டுரை எழுத வைத்து, அது கொடுத்த 636 மேற்கோள்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார்கள். அதன் பழைய பதிப்பான ஜிபிடி-3.5 கொடுத்தவற்றில் 55 விழுக்காடு இட்டுக்கட்டியவை, அடுத்த பதிப்பான ஜிபிடி-4 கொடுத்தவற்றில் 18 விழுக்காடு. நிஜமாக இருந்த மேற்கோள்களிலும் முறையே 43, 24 விழுக்காட்டில் கணிசமான பிழைகள். அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு வழக்கில், இல்லாத ஆறு தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியிலிருந்து எடுத்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள். அதனால் மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

"அது பழைய கதை மேடம், இப்போ இணையத்துல தேடித்தான் சொல்லுது" என்று சிலர் சொல்வார்கள். சரி, உண்மைதான். இப்போது பல கருவிகள் தேடிவிட்டுத்தான் எழுதுகின்றன, இணைப்பும் தருகின்றன. அதனால் பிழையின் உருவம் மாறியிருக்கிறது. முன்பு கட்டுரையே இருக்காது. இப்போது கட்டுரை இருக்கும், இணைப்பும் திறக்கும், ஆனால் கருவி சொன்ன விஷயம் அந்தக் கட்டுரைக்குள் இருக்காது, அல்லது நேர்மாறாக இருக்கும். இந்த இரண்டாவது வகையைப் பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் இணைப்பு திறந்ததும் பெரும்பாலானவர்கள் திருப்தியாகிவிடுகிறார்கள்.

படி 1: முதலில் நூலகர்கள் உட்காருங்கள்

பயிற்சி வகுப்பு அறிவிக்கும் முன் நூலகப் பணியாளர்கள் இரண்டு வாரம், தினமும் ஒரு மணி நேரம், ஆளுக்கொரு கருவியைக் கையில் எடுத்துத் துழாவ வேண்டும். உதவி நூலகர் முதல் புத்தகம் வழங்கும் இடத்தில் இருப்பவர் வரை எல்லோரும். எங்கள் நூலகத்தில் நல்ல கேள்விகளைக் கொண்டுவந்தவர் முப்பது வருஷமாக இதழ்ப் பிரிவில் இருக்கும் ஒருவர். எந்த இதழ் எந்த ஆண்டு பெயர் மாறியது, எது நின்றுபோய் மறுபடி வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம், கருவிகள் தடுக்கி விழுவதும் அந்த மாதிரி இடங்களில்தான்.

துழாவும்போது கருவிகளை வகை பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வகைக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தன் பயிற்சியிலிருந்து மட்டும் பதில் சொல்பவை, இணையத்தில் தேடிச் சொல்பவை, எலிசிட், கன்சென்சஸ் போல ஆய்வுக் கட்டுரைகளுக்குள் மட்டும் தேடுபவை, நோட்புக்எல்எம் போல நாம் ஏற்றிய கோப்புகளை வைத்துப் பதில் சொல்பவை, ஸ்கோபஸ் ஏஐ போல கட்டணத் தரவுத்தளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவை, மொழியைத் திருத்துபவை, "இதை ஏஐ எழுதியதா" என்று கண்டுபிடிப்பதாகச் சொல்பவை. ஒரே கருவி இரண்டு மூன்று வகையில் வரலாம். மாணவர்கள் எல்லாவற்றையும் "ஏஐ" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இந்த வகைபிரிப்பைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஆய்வுக் கட்டுரைகளுக்குள் தேடும் கருவிகளில் ஒன்றைக் கவனியுங்கள்: அது முழுக் கட்டுரையைப் படிக்கிறதா, சுருக்கத்தை மட்டும் படிக்கிறதா? ஸ்கோபஸ் ஏஐ சுருக்கங்களை வைத்துத்தான் தொகுத்துத் தருகிறது. சுருக்கத்தில் "நல்ல பலன் தெரிந்தது" என்று இருக்கும், உள்ளே நான்காம் பக்கத்தில் "மாதிரி அளவு மிகச் சிறியது" என்று இருக்கும். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் ஆய்வு முன்னோட்டம் எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வார்கள்.

படி 2: கேள்வி வங்கி ஒன்று தயாரியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மூன்று வகைக் கேள்விகள் வேண்டும்: விடை நமக்கு உறுதியாகத் தெரிந்தவை, விடையே இல்லாதவை, அறிஞர்களுக்குள் ஒத்துவராதவை.

விடையே இல்லாத கேள்விக்கு என்னிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. புறநானூற்றில் 400 பாடல்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உ.வே.சாமிநாதையர் அதை 1894-ல் அச்சுக்குக் கொண்டுவந்தபோதே 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் கிடைக்கவில்லை. பதிப்பை எடுத்துப் புரட்டினால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இப்போது கருவியிடம் கேளுங்கள்: "புறநானூறு 267-ஆம் பாடலையும் அதன் பொருளையும் தருக." தமிழ்த்துறை மாணவர்கள் வந்த ஒரு வகுப்பில் நாங்கள் இதைக் கேட்டபோது ஒரு கருவி எட்டு வரியில் ஆசிரியப்பா போன்ற ஒன்றை எழுதி, திணையும் துறையும் போட்டு, ஒரு சங்கப் புலவரின் பெயரையும் கீழே போட்டுக் கொடுத்தது. வேலும் முரசும் யானையும் எல்லாம் இருந்தன. ஒரு மாணவர் அதை வாய்விட்டுப் படித்தார், ஓசைகூட ஓரளவு வந்தது. அதற்குள் இன்னொருவர் அலமாரியிலிருந்து பதிப்பை எடுத்து வந்து மேசையில் விரித்து வைத்தார். 266 இருந்தது, 269 இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. வகுப்பே சத்தமில்லாமல் ஆகிவிட்டது. அன்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த விரித்த பக்கம் செய்ததைச் செய்திருக்க முடியாது.

அதோடு விடாதீர்கள், இன்னொரு கேள்வி இருக்கிறது. "அந்தப் பாடல் கிடைக்கவில்லையே" என்று சொன்னதும் கருவி மன்னிப்புக் கேட்டுவிட்டு "ஆமாம், கிடைக்கவில்லை" என்று சொல்லும். மாணவர்கள் "பாருங்க, திருத்திக்கிச்சு" என்பார்கள். உடனே நிச்சயமாக இருக்கும் ஒரு பாடலை எடுங்கள், 192 போல எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. "192-ஆம் பாடலும் கிடைக்கவில்லைதானே?" என்று கேளுங்கள். அதற்கும் "ஆமாம்" என்றால், அது எதையும் திருத்திக்கொள்ளவில்லை, நாம் சொன்னதற்குத் தலையாட்டியது என்று தெரிந்துவிடும். "இல்லை, அது இருக்கிறது" என்று உறுதியாக நின்றால் அந்தக் கருவிக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம். நாங்கள் இரண்டையும் பார்த்திருக்கிறோம்.

உங்கள் துறைகளுக்கு ஏற்ற மாதிரி இப்படிப்பட்ட கேள்விகளை உண்டாக்கலாம். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை, அதிலும் கேட்கலாம். வேதியியலுக்கு, வரலாற்றுக்கு, சட்டத்துக்கு அந்தந்தத் துறைப் பேராசிரியரிடம் "உங்கள் பாடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தப்பாக நினைக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் நல்ல கேள்வி கிடைத்துவிடும்.

ஒவ்வொரு கேள்வியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் பாருங்கள். பதில்கள் வேறுபடும், சில சமயம் நிறையவே. இதற்கு ஒரு காரணம் எழுத்து கணினிக்குள் சேமிக்கப்படும் விதம். ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். 'க' மூன்று பைட், 'கோ' ஆறு பைட். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன, தமிழை அவை ரொம்பப் பொடியாக நறுக்கி வந்தன. 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் புதிய மாதிரியை வெளியிட்டபோது அதுவே கொடுத்த கணக்கு: ஒரு சிறு தமிழ்ப் பத்தி பழைய மாதிரியில் 116 துண்டு, புதியதில் 35. அதே பொருளுள்ள ஆங்கிலப் பத்தி 27-லிருந்து 24. முன்னேற்றம்தான், ஆனாலும் தமிழுக்கு இன்னும் கூடுதல் துண்டுதான் ஆகிறது. இதோடு கருவிகள் படித்துப் பழகிய தமிழ் எழுத்தும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தமிழில் கேட்கும் மாணவருக்கு ஆங்கிலத்தில் கேட்பவரைவிட மோசமான பதில் கிடைக்கிறது என்றால் அது நியாயம் பற்றிய விஷயம். அதை நூலகம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

படி 3: வகுப்பை நடத்துவது

20 பேருக்கு மேல் வேண்டாம், 90 நிமிடம் போதும். துறை வாரியாக அழையுங்கள், கலந்து அழைத்தால் பொதுவான பேச்சாகவே போய்விடும்.

முதல் 15 நிமிடம் நீங்கள் பேசுங்கள், அதற்கு மேல் பேசாதீர்கள். அடுத்து ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கருவியிடம் கேட்க வேண்டும். தன் ஊர்க் கோயில் திருவிழா, தான் வேலை செய்த ஆய்வகக் கருவி, தன் எம்.ஃபில் தலைப்பு, அப்பா செய்யும் தொழில், எதுவும் இருக்கலாம். இது ஏன் வேலை செய்கிறது என்றால், நமக்குத் தெரியாத விஷயத்தில் கருவி சரளமாக எழுதுவது அறிவு போலத் தெரிகிறது, தெரிந்த விஷயத்தில் அதே சரளத்துக்குள் இருக்கும் ஓட்டைகள் உடனே கண்ணில் படுகின்றன. தறி நெய்யும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி, பாவு ஓடுவதைப் பற்றிக் கருவி எழுதியதை வரி வரியாக அடித்துத் திருத்தியதை நான் பார்த்தேன். அன்று அந்த வகுப்பிலேயே அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை, கருவி உட்பட.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். கருவியின் பதிலில் உள்ள கூற்றுகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள், ஒரு வரிக்கு ஒரு கூற்று. ஒரு பத்தியில் சாதாரணமாக ஏழெட்டுக் கூற்றுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைப் போட வேண்டும்:

— மூலம் இருக்கிறது, அப்படித்தான் சொல்கிறது.
— மூலம் இருக்கிறது, ஆனால் அப்படிச் சொல்லவில்லை.
— மூலமே இல்லை.

நடுவில் உள்ளதுதான் முக்கியம். அதை வட்டம் போடச் சொல்லுங்கள், கடைசியில் ஒருவர் மாற்றி ஒருவர் அதை மட்டும் படிக்கட்டும்.

அப்புறம் ஒரு விஷயம், கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் வாங்க எத்தனை நிமிடம், சரிபார்க்க எத்தனை நிமிடம் என்று தாளின் மேலேயே குறிக்க வேண்டும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, சில ஆண்டுகளில் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளை நாம் எல்லோரும் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தோம். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஏஐ கருவி விற்பவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லி விற்கிறார்கள். பதில் வர 20 வினாடி, சரிபார்க்க 70 நிமிடம் என்றால் மிச்சமான நேரம் எது? சில வேலைகளில் நிஜமாகவே மிச்சமாகிறது: தேடுவதற்கான ஆங்கிலக் கலைச்சொற்களைப் பிடிப்பது, வேறு மொழிக் கட்டுரை ஒன்று நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது, நீண்ட அறிக்கையில் எந்தப் பகுதியைப் படிக்கலாம் என்று பார்ப்பது. எதில் மிச்சம், எதில் நஷ்டம் என்று அவரவர் தாளே சொல்லிவிடும்.

படி 4: ஒரு மேற்கோளைத் துரத்திப் பிடிக்கும் வழி

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் மேசைக்கு வரும் வேலை இது.

டிஓஐ இருந்தால் அதை முதலில் போடுங்கள். திறந்தால் மட்டும் போதாது, தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிஓஐ இல்லையென்றால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள், பிறகு டிஓஐ பதிவுகளை வைத்திருக்கும் கிராஸ்ரெஃப் தளத்தில் தேடுங்கள். அங்கும் வரவில்லை என்றால் அந்த இதழின் அந்தத் தொகுதிப் பொருளடக்கத்துக்கே போய்விடுங்கள், பக்க எண் அங்கே பல்லிளித்துவிடும். இந்திய ஆய்வேடு என்றால் ஷோத்கங்காவில் பாருங்கள். முழுக் கட்டுரை வேண்டும் என்றால், அரசு நிறுவனமாக இருந்தால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஏறக்குறைய 13,000 இதழ்கள் இருக்கின்றன. பல மாணவர்களுக்கு இது தங்களுக்கு இலவசமாகக் கிடைப்பதே தெரியவில்லை. கட்டுரை கிடைக்காததால்தான் கருவியின் சுருக்கத்தை நம்பினேன் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டுரை கிடைத்ததும், அது திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-ல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் ஸொட்டீரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதுவே சிவப்பில் எச்சரித்துவிடும்.

தமிழ் மூலங்களுக்கு மட்டும் கவனம் கூடுதலாக வேண்டும். 1970-களில் வந்த ஒரு சிற்றிதழ்க் கட்டுரைக்கு டிஓஐ இருக்காது, கூகுளிலும் வராது. அதனால் இணையத்தில் இல்லை என்பதாலேயே "இது ஏஐ இட்டுக்கட்டியது" என்று முடிவு கட்டக் கூடாது. தமிழிணையத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், ஈழத்து வெளியீடுகள் என்றால் 'நூலகம்' என்ற பெயரிலேயே இருக்கும் இணையதளம், அதற்கும் மேலே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இப்படிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்லலாம். ஒரு பேராசிரியர் நிஜமான மேற்கோள் ஒன்றை "ஏஐ போட்ட பொய்" என்று அடித்துவிட்டார், நாங்கள் பைண்டு செய்த இதழ்த் தொகுதியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அந்த மாணவர் முகத்தில் வந்த நிம்மதிக்காகவே பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் வைத்திருக்கலாம்.

கோப்பை ஏற்றிப் பதில் கேட்கும் கருவிகளில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப் திரையில் அழகான தமிழாகத் தெரியும், கருவிக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஆனாலும் அது தலைப்பையும் கேள்வியையும் வைத்து ஒப்பேற்றி ஏதோ பதில் சொல்லிவிடலாம். எனவே ஏற்றும் முன் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி, இல்லையென்றால் முதலில் ஓசிஆர் (பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) போடுங்கள்.

ஓசிஆர் என்றதும் ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். 1950-களில் வந்த ஒரு நுண்ணுயிரியல் இதழை ஸ்கேன் செய்தபோது இரண்டு பத்திகளில் அச்சான பக்கத்தைக் கணினி குறுக்கே படித்துவிட்டது. இடது பத்தியில் இருந்த 'வெஜிடேட்டிவ்' என்ற சொல்லும் வலது பத்தியில் இருந்த 'எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி'யும் ஒட்டிக்கொண்டு, உலகத்தில் இல்லாத ஒரு நுண்ணோக்கி முறை பிறந்துவிட்டது. அது பின்னாளில் பல ஆய்வுக் கட்டுரைகளில் வந்தது, மொழி மாதிரிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது என்று 2025-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஸ்கேனர் முன்னால் உட்காரும் நம் ஆட்களுக்கு இதைச் சொல்லுங்கள். நாம் இன்று சரிபார்க்காமல் விடும் ஒரு பக்கம் நாளைக்கு யாருக்கோ பதிலாக வரும்.

படி 5: கருவியின் பூர்வீகம்

வலைத்தளங்களை எடைபோட நாம் சொல்லிக்கொடுக்கும் பழைய பட்டியல் (யார் எழுதியது, எப்போது எழுதியது, என்ன நோக்கம்) ஏஐ பதிலுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் பதிலுக்கு ஆசிரியரும் இல்லை, தேதியும் இல்லை. அதனால் கேள்வியைக் கருவியின் பக்கம் திருப்ப வேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக நூலகர்கள் இருவர் 2020-லேயே, சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே, இதற்கு ஐந்து தலைப்பில் ஒரு சோதனை வகுத்தார்கள். நம்பகம், நோக்கம், சார்பு, உரிமையாளர், வகை. நல்ல தொடக்கம், நாங்கள் அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி மேசையில் வைத்திருக்கிறோம்.

அதில் நான் ஒன்றை மட்டும் அழுத்துவேன்: நாம் உள்ளே போடுவது எங்கே போகிறது? சமூகப்பணித் துறை மாணவர் ஒருவர், வீட்டு வன்முறை பற்றிப் பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைப் பெயர், ஊரோடு ஓர் இலவசக் கருவியில் ஏற்றித் தொகுக்கச் சொல்லியிருந்தார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்கள் அவரை நம்பிப் பேசினார்களே தவிர அந்த நிறுவனத்தை நம்பிப் பேசவில்லை. 2023-ல் இயற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நெறிக்குழு இருக்கிறது, இதையெல்லாம் நெறியாளர்களோடு சேர்ந்து சொல்லிக்கொடுங்கள். பெயரை நீக்கிவிட்டு ஏற்றலாமா, ஏற்றவே கூடாதா, அமைப்புகளில் பயிற்சிக்குப் பயன்படுத்தாதே என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை வகுப்பிலேயே திறந்து காட்டுங்கள்.

இன்னொன்று. சந்தா இதழ்களின் பிடிஎஃப்களை வெளிக் கருவிகளில் ஏற்றலாமா என்பது பதிப்பாளரோடு நாம் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். பல ஒப்பந்தங்களில் இப்போது ஏஐ பற்றித் தனிப் பிரிவே வருகிறது. வளாகத்தில் அதைப் படித்தவர் நூலகர் மட்டும்தான், எனவே எளிய தமிழில் எழுதி வெளியிடும் பொறுப்பும் நம்முடையதுதான்.

படி 6: "ஏஐ எழுதியதா" என்று கண்டுபிடிக்கும் கருவிகள்

துறைத் தலைவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். என் பதில் தெளிவானது: இந்தக் கருவிகள் சொல்வதை மட்டும் வைத்து எந்த மாணவர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது, நூலகம் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவும் கூடாது. ஓப்பன்ஏஐயே தான் வெளியிட்ட கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுகிறவர்களை இவை சந்தேகப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகள் அப்படித்தானே எழுதுவார்கள்? இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் வேறு, இது வேறு என்பதையும் பேராசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். யுஜிசியின் 2018 விதிமுறை பேசுவது ஏற்கெனவே வெளியான எழுத்தோடு உள்ள ஒற்றுமையைப் பற்றி, 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை என்பதெல்லாம் அதற்குத்தான். ஏஐ அறிக்கையில் வரும் விழுக்காட்டை எடுத்து அந்த அட்டவணைக்குள் வைப்பது தவறு. அதற்குப் பதிலாக, மாணவரை உட்காரவைத்து "இந்த மேற்கோளை எப்படிக் கண்டுபிடித்தாய்? இந்தக் கட்டுரையில் உனக்கு உடன்பாடு இல்லாத இடம் எது?" என்று பத்து நிமிடம் பேசினாலே உண்மை தெரிந்துவிடும்.

படி 7: வாங்கச் சொல்லி வரும்போது

இது சுருக்கமாக. விற்பனையாளர் செய்து காட்டும்போது அவர் கொண்டுவரும் கேள்வியைக் கேட்க விடாதீர்கள், உங்கள் கேள்வி வங்கியை எடுத்துப் போடுங்கள். எந்தத் தரவின் மேல் ஓடுகிறது, கடைசியாக எப்போது புதுப்பித்தது, தமிழும் இந்திய இதழ்களும் எவ்வளவு, வாசகர் கேட்ட கேள்விகளை எத்தனை நாள் வைத்திருக்கும், சந்தாவை நிறுத்தினால் அவை என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாத சோதனைக் காலத்தில் ஐந்து ஆய்வு மாணவர்களிடம் கொடுத்து, படி 3-ல் சொன்ன தாளை நிரப்பச் சொல்லுங்கள்.

படி 8: நோட்டுப் புத்தகம்

ரெஃபரன்ஸ் மேசையில் ஒரு நீண்ட நோட்டு வையுங்கள். கணினியில் வைத்தாலும் சரி, எங்களுக்கு நோட்டுதான் வசதி, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். தேதி, கருவி, அதன் பதிப்பு, கேட்ட கேள்வி வார்த்தை மாறாமல், வந்த பதிலின் சாரம், சரிபார்த்த மூலம், சரிபார்த்தவர். மாணவர்களும் எழுதலாம், எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் அவர்கள் எழுதியதுதான். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கேள்வி வங்கியில் இருக்கும் அதே கேள்விகளை அதே கருவிகளிடம் மறுபடி கேட்டுக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு மதியம் போதும். முதலாமாண்டு ஆய்வு மாணவர் இருவரைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அதுவே பயிற்சி.

புறநானூறு 267 கேள்விக்கு எங்கள் நோட்டில் இப்போது ஐந்து வரிகள் இருக்கின்றன, ஐந்தும் ஒரே கருவிக்கு. முதல் மூன்று பருவத்திலும் "பாடல் எழுதிக் கொடுத்தது". நான்காவது பருவத்தில் "கிடைக்கவில்லை என்று சரியாகச் சொன்னது". ஐந்தாவதில், ஜூலை மாதத் தேதியிட்டு, ஒரு எம்.ஏ. மாணவியின் கையெழுத்தில்: "மறுபடியும் எழுதிக் கொடுத்தது. இந்த முறை புலவர் பெயர் வேறு."